எங்க போயிடப் போற?

அச்சகத்தில் பதினோரு வருடமாகப் பக்க வடிவமைப்பு செய்பவள் அவள். போன மாதம் அதே வேலைக்கு வந்தவனுக்கு அவளைப்போல இரண்டு மடங்கு சம்பளம் என்று தெரிந்ததும், கொதித்துப் போய் முதலாளி முன்னால் நின்றாள்.

"அவன் கையில வேற ரெண்டு இடத்து வேலை இருந்துச்சு. கேட்டதைக் கொடுக்கலேன்னா போயிருப்பான்," என்றார் முதலாளி.

"அப்ப நான்?"

"நீ எங்க போயிடப் போற?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

அது சுருக்கென்று தைத்தது. மதிய இடைவேளைகளில் வேலை தேடிப் படியேறி இறங்கினாள். மூன்றாவது வாரம், எதிர்த்தெரு அச்சகம் கொடுத்த வேலை உத்தரவை முதலாளியின் மேஜையில் வைத்தாள். சம்பளம் இரண்டரை மடங்கு.

அவர் முகம் கறுத்தது. "போட்டிக்காரன்கிட்டயா? வெட்கமா இல்ல? சரி, அவனுக்குக் கொடுக்கறதையே உனக்கும் தரேன்."

"அப்ப இத்தனை வருஷமும் கொடுக்க முடிஞ்சும் கொடுக்கல!" பையை எடுத்துக்கொண்டாள்.

அவர் கதவை மறித்துக் குரலைத் தாழ்த்தினார். "என் பொண்டாட்டியே அங்க போய் உட்கார்ந்தா ஊர் என்ன பேசும்? வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"இப்போதைக்கு வேலையைத்தான் விட்டிருக்கேன். வீட்டைப் பத்தி, அங்க முதல் சம்பளம் வாங்கினதும் சொல்றேன்," என்றாள்.