முகம் மாற்றிய பூட்டு

முறுக்கு அலமாரியின் பூட்டு பட்டறைக்குப் போய்ப் புது முகத்தோடு திரும்பி வந்தது. சாவித் துவாரத்தையே காணோம்!

"எங்கேடா ஒளிச்சு வெச்சே?" என்று கத்தியது சாவி.

"அழகா இருக்கட்டும்னு பின்னால மாத்திட்டேன். முதல்ல இடது காதைத் திருகு, அப்புறம் முதுகைத் தள்ளு."

சாவி திருகியது, தள்ளியது, வழுக்கித் தரையில் விழுந்தது. பூட்டைத் திட்டித் தீர்த்தது.

அப்போது ஒரு கள்ளச்சாவி வந்தது. அதுவும் பூட்டைத் தடவித் தடவி வேர்த்துப்போனது.

"அநியாயம்ணே!" என்று சாவியிடம் புலம்பியது. "பழசு எவ்வளவு சுலபம்! வாராவாரம் கண்ணை மூடிக்கிட்டுத் திறப்பேன்."

சாவி விழுந்து விழுந்து சிரித்தது.

"பூட்டு ராசா, இவன் கிளம்பட்டும். அந்தக் காதை எப்படித் திருகணும்னு பொறுமையா சொல்லிக் குடு."