எடை குறைந்தது

இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவிக்கான சிப் அது. தயாரிப்பில் ஒன்றைப்போல் இன்னொன்று அமையாது; கோடியில் ஒன்று பழுதாகலாம். அதனால் செய்வதற்கு முன்பே கோடிக்கணக்கான மாதிரி சிப்களைக் கணினியில் பிறப்பித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆயுள் போதாது. ஆகவே பழுதாகிச் சாகக்கூடியவற்றை மட்டும் தேடிப் பிறப்பித்து, எத்தனை அரிதோ அத்தனை குறைவாக ‘எடை’ என்றொரு எண்ணைப் போட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். மதிவதனியின் திரையில் அப்படி ஒன்று சற்றே துடித்து நின்றது.

“எடை ரொம்பக் கம்மி மேடம். விட்டுடலாம்,” என்றான் உடன் வேலைசெய்யும் இம்தியாஸ்.

போன ஆடியில், குறைமாதத்தில் பிறந்த அவள் குழந்தை கிடந்த இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டியருகே டாக்டரும் அதையேதான் சொன்னார்: “எடை ரொம்பக் கம்மிம்மா.”

“விட வேணாம். இன்னொரு வாட்டி ஓட்டுங்க,” என்றாள்.

அது மறுபடி துடிக்கத் தொடங்கியது. நிற்கும் இடம் வருவதற்குள் அவள் திரைமேல் உள்ளங்கையை வைத்தாள்.