தண்ணி பழகட்டும்

கிறீச்... கிறீச்... கிணற்று ராட்டினம் சுற்றும் சத்தம். நாற்பது வருஷமாகியும் குளோரியின் காதை விட்டு அது போகவில்லை. குழித்துறையில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், குடம் நிறைந்த பிறகும் அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பாள்.

இப்போது கிணற்றுக்கு மூடி போட்டாயிற்று. ராட்டினமும் இல்லை.

அதே வீட்டின் முன்னறையில் இன்று வேறொரு சத்தம். மகன் ஜெஃப்ரின் வாங்கி வைத்த மீன்தொட்டியின் மோட்டார், பகலெல்லாம் குபுகுபுவென்று குமிழி விடுகிறது.

தொட்டியில் தண்ணீர் இருந்தது. மணல் இருந்தது. பச்சைச் செடிகூட இருந்தது. மீன்தான் இல்லை.

அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் பெபிஷா. ஜெஃப்ரினைக் கட்டிக்கொண்டு மண்டைக்காடு புதூரிலிருந்து வந்து மூன்று வாரம். கைவேலை முடிந்தால் அவளுக்கு அந்த இடம்தான்.

"கடப்பொறத்துப் பிள்ள. வள்ளம் வள்ளமா மீனப் பாத்து வளந்தவ. இங்க வந்து மீனில்லாத தண்ணிய வாய் பாத்துட்டு இருக்கா" என்றாள் குளோரி, மருமகளுக்குக் கேட்கும்படியே.

முருங்கைக்கீரை பறிக்க வந்த பக்கத்து வீட்டு அன்னக்கிளிக்கு இது போதும். "உள்ளுக்குள்ள சீரியல் ஓடுதோ என்னமோ! மீனு எப்பக்கா வரும்?"

"அத இந்தத் துரைகிட்ட கேளு" என்று குளோரி மகனைக் காட்டினாள்.

துரை அப்போது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்து சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தான். மார்த்தாண்டத்தில் அவனுக்குச் செல்போன் கடை. கடை திறக்கப் பிந்தினாலும் இந்தப் பரிசோதனை தப்பாது.

"இன்னும் ஆகலம்மா. புதுத் தண்ணியில சட்டுனு விட்டா மீன் தாங்காது. தண்ணி பழகட்டும். மாசக்கணக்கானாலும் பொறுத்துதான் ஆகணும்."

"உள்ள என்னல அது, அழுக்குப் பஞ்சு?"

"கூட்டுக்காரன் வீட்டுப் பழைய தொட்டியில இருந்தது. கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். அதக் கழுவப்பிடாது, கேட்டியா? அந்த அழுக்குலதான் உயிரே இருக்கு. பழைய எடத்துது கொஞ்சம் கூட இருந்தாத்தான் புது எடத்துல மீன் பிழைக்கும்."

"பிள்ளத்தாச்சியக்கூட ஒருத்தனும் இப்பிடிப் பாத்தது இல்ல" என்றாள் குளோரி.

பெபிஷா எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். "வெள்ளிக்கிழமை எங்க ஊர்க் கோயில்ல கொடியேத்து. போய்ட்டு, தேர் முடிஞ்சதும் வந்துரட்டா?"

"விளையாடுறியா? வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள ஊரா? இங்கயே கிடந்து பழகு. எல்லாப் பிள்ளையளும் பழகலியா?"

"அம்மை ஒத்தைக்கு இருக்கா..."

"போன்ல பேசு. பின்ன, உங்கம்மை குடுத்துவிட்ட கருவாட்டுப் பொதிய முதல்ல தூரப் போடு. வீடெல்லாம் நாறுது."

பைக் கிளம்பிப் போனது. 

"பிறந்த வீட்டு நெனப்பு இன்னும் விடல போல" என்று அன்னக்கிளி கண்ணைச் சிமிட்டினாள்.

"பழகிரும். பழகாம எங்க போவும்?" என்று குளோரி அடுக்களைக்குள் போனாள்.

மரச்சீனிக் கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போயிற்று. மின்விசிறி நின்றது. முன்னறையில் மோட்டாரும் நின்றது.

குபுகுபு ஓய்ந்த அந்த அமைதியில் ஒரு விம்மல் மட்டும் தனியாகக் கேட்டது. கேட்டுவிட்டதே என்று பயந்ததுபோல் பாதியிலேயே அறுந்தது.

குளோரியின் கை அப்படியே நின்றது.

குடம் நிறைந்த பிறகும் ஏன் இறைக்கிறாய், அந்தச் சத்தத்துக்குள் எதை ஒளிக்கிறாய் என்று இந்த வீட்டில் அவளை யாரும் கேட்டதில்லை.

அவள் வந்து நின்றபோது பெபிஷா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கண்ணுல என்னமோ விழுந்துட்டு, மாமி."

"ஆமா. இந்த வீட்டுல அது விழத்தான் செய்யும். எழும்புட்டி. துணிமணிய எடுத்து வை."

பெபிஷாவின் முகம் வெளிறியது. "மாமி, நான் ஒண்ணும் சொல்லலியே..."

"உன்னப் பேசச் சொல்லல. துணிய எடுத்து வைக்கச் சொன்னேன்."

மத்தியானம் சாப்பிட வந்த ஜெஃப்ரின், வாசலில் பையும் கையுமாக நின்ற இருவரையும் பார்த்துத் திகைத்தான்.

"எங்கம்மா?"

"புதூருக்கு. இவளக் கொண்டு விட்டுட்டு நான் சாயங்காலம் வந்துருவேன். இவ தேர் முடிஞ்சு வருவா."

"நான் போவாண்டாம்னு சொன்னேன்லா?"

"ஏலே, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வாற மீனுக்கு மாசக்கணக்கா உபசாரம் பண்ணுற. அழுக்குப் பஞ்சுக்கு ஊரான் வீட்டுல போய்க் கெஞ்சுற. கட்டுன பிள்ளைக்கு மட்டும் வந்த அன்னைக்கே எல்லாம் பழகிரணும், என்ன?"

அவன் வாயைத் திறந்தான்.

"பேசாத. கருவாடு அடுக்களையில இருக்கு. நான் திரும்பி வரும்போதும் அங்கயேதான் இருக்கணும். அது வெளிய போச்சுன்னா, பின்னாலயே உன் பஞ்சும் போவும்."

"சாப்பாடு?"

"கிழங்கு தோலுரிச்சு வச்சிருக்கேன். அவிச்சுத் தின்னு. பழகிருவ."

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைக் குளோரி மருமகளுக்கு விட்டுக் கொடுத்தாள். திங்கள்நகர் தாண்டி, காற்றில் உப்பு வாடை கலந்ததும் பெபிஷாவுக்குப் பேச்சு வந்தது.

"மாமி, கல்யாணமான வருஷம் நீங்க உங்க ஊர்த் திருவிழாவுக்குப் போனியளா?"

குளோரி டிக்கெட்டை நான்காக மடித்தாள்.

அந்த வருஷம் வீட்டில் அவளைப் போக விடவில்லை. அடுத்த கொடியேற்றுக்கு அவள் அம்மா உயிரோடு இல்லை.