அணைக்காத சூடம்

"குடிச்சிட்டுத்தான்டா ஓட்டியிருக்க!"

நல்லகாமன் போட்ட சத்தத்தில் களமே திரும்பிப் பார்த்தது. அவருடைய டிராக்டர் டிரைவர் முத்திருளன் தலையைக் குனிந்து நின்றான்.

விஷயம் சின்னதல்ல. முந்தின நாள் நடவுக்குப் பெண்களை ஏற்றிப்போன டிரெய்லர், கால்வாய்க் கரையில் இடது பக்கமாக இழுத்துக்கொண்டே போய், ஒரு சக்கரம் கரைக்கு வெளியே தொங்கிவிட்டது. டிராக்டர் நேராகத்தான் போனது. பின்னால் வந்த டிரெய்லர்தான் கோணிக்கொண்டது. தண்ணீர் கரை முட்ட ஓடும் நேரம். யாரும் சாகாதது அவரவர் தாய் தகப்பன் செய்த புண்ணியம்.

அலங்காநல்லூர் மெக்கானிக் லாசர் டயரில் காற்றுப் பார்த்தார். சரியாக இருந்தது. வெறும் வண்டியை ஓட்டச் சொன்னார். அப்போதும் இழுத்தது. கடைசியில் ஒரு கயிற்றைக் கொக்கியிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் பிடித்து அளந்தார்.

"இடது பக்கம் நாலு விரக்கடை கூட வருதுண்ணே. அச்சு பின்னால தள்ளிருச்சு. பிடிச்சிருந்த போல்ட்டும் அத்துப் போச்சு. இந்தச் சக்கரத்த எதுலயோ பலமா இடிச்சிருக்காக."

"பாலத்துச் சுவர் பேந்து கெடக்கே, அதுலதான்!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"கேட்டீகளா மாமா?" துள்ளிக்கொண்டு முன்னால் வந்தான் தவசி. நல்லகாமனின் மருமகன். கல்லுப்பட்டியிலிருந்து மாமனார் வீட்டுக்கு விருந்தாட வந்திருந்தான். "இவன்கிட்ட வண்டியக் குடுத்தா ஊரையே கொன்னுருவான்."

"நான் இடிக்கலய்யா" என்றான் முத்திருளன்.

"பின்ன யாரு? வண்டி தானாப் போய் இடிச்சுச்சா?"

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி, வா கருப்பு கோயிலுக்கு. 'நான் இடிக்கல, இடிச்சவன நீயே கேளு'ன்னு சொல்லிச் சூடத்த அணை. நம்புறேன்."

அந்தக் கருப்பிடம் அப்படி முறையிட்டபின் குற்றம் செய்தவன் உயிரோடு தப்பியதாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

"சத்தியமெல்லாம் எதுக்கு மாமா? ஆள விரட்டி விடுங்க" என்றான் தவசி.

நல்லகாமன் கேட்கவில்லை. கோயில் வாசலில் சூடம் ஏற்றினார்கள். சேதி கேட்டு அவர் மகள், தவசியின் மனைவி அன்னக்கொடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து நின்றாள். ஏழு மாசம்.

முத்திருளன் கையை நீட்டினான். எரிகிற சூடத்தைப் பார்த்தான். எதிரே நின்ற அன்னக்கொடியைப் பார்த்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

சூடம் தானாக எரிந்து அடங்கியது.

பிறகு கேட்க வேண்டுமா? ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. "நாங்க செத்திருந்தா எங்க பிள்ளைகளுக்கு நீயாடா கஞ்சி ஊத்துவ?" என்று நடவுப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அன்னக்கொடிகூட "ச்சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றோடு அவன் வேலை போனது.

வீட்டு வாசலிலேயே மறித்தாள் மனைவி முத்துத்தாய்.

"நீ இடிக்கலன்னு எனக்குத் தெரியும். செய்யாதவனுக்கு என்ன பயம்? அந்தச் சூடத்த அணைச்சிட்டு வந்தா என்ன?"

"இடிச்சவர எனக்குத் தெரியும் புள்ள. ஓட்டிப் பழகுறேன்னு ஞாயித்துக்கெழம டிரெய்லரோட வண்டிய எடுத்துட்டுப் போயி, பாலத்துல இடிச்சத என் கண்ணால பாத்தேன். அச்சு தள்ளுனது அப்பத் தெரியல. தவசி மாப்ளதான்."

"அடப்பாவி மனுசா! அப்ப அணைச்சிருக்க வேண்டியதுதான? கருப்பு அவன கேட்டிருக்கும்ல?"

"கேட்டிருக்கும். அதான் அணைக்கல" என்றான் முத்திருளன். "எனக்கு வேற வேல கெடைக்கும். அன்னக்கொடிக்கு வேற தாலி கெடைக்குமா?"