விலாவில் இருந்த எண்

டயர் கடைக்கு ஒரு கார் வந்து நின்றதாம். அதன் முன் டயருக்கு உடம்பெல்லாம் சேறு. கடைக்காரர் பார்த்ததுமே, "இது அவ்வளவுதான் மேடம், கழட்டிப் போட்டுரலாம்" என்றாராம். முன் டயருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அலமாரியில் பளபளவென்று இருந்த டயர் சிரித்தது. "கெளம்பு பெருசு. இனிமே அந்த எடம் எனக்கு."

காரை ஓட்டி வந்த பூரணி குத்தவைத்து உட்கார்ந்தாள். சேற்றைத் துடைத்து, டயரின் பள்ளத்துக்குள் விரலை விட்டாள். அடியில் ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது.

"தேஞ்சு தேஞ்சு இந்த மேட்டைத் தொட்டாத்தானே மாத்தணும்? இன்னும் நெறைய இருக்கேங்க."

"எனக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கா!" என்று வாய்பிளந்தது முன் டயர்.

பூரணி எழுந்து, பளபள டயரின் விலாவில் இருந்த நாலு இலக்க எண்ணைப் படித்தாள். "செஞ்ச வாரமும் வருஷமும் போட்டிருக்கு. இது என் டயருக்கு முன்னாடியே பொறந்ததுங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, நீங்களா மூத்தவரு?" என்றது முன் டயர், நம்பவே முடியாமல்.

கார் அதே டயரோடு கிளம்பிப் போனது. தன் விலா தனக்குத் தெரியாதே. அலமாரி டயர்களெல்லாம் பக்கத்து டயரிடம், "என்னையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தனவாம்.