கருப்படித்த வரிகள்

"உன் பையன் சண்டைக்குப் போயிருக்கானா, இல்ல மாமியார் வீட்டு விருந்துக்கா?"

காலர் அக்கா கேட்டதும் தையல் கூடமே சிரித்தது. பட்டன்காரி ஊசியில் நூல் கோப்பவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிப்பாய்களுக்குச் சீருடை தைக்கும் கூடம் அது. காலர் வைப்பவள் அங்கே அக்கா. பட்டன் தைப்பவள் வெறும் பட்டன்காரி. இருவருக்கும் ஆளுக்கொரு மகன். மகன்கள் இருவரும் பட்டாளத்தில்.

யாருக்குக் கடிதம் வந்தாலும் டீ நேரத்தில் கட்டிங் மாஸ்டர் சத்தமாகப் படிப்பார். குரல் அவருக்குத்தான் வாய்த்திருந்தது. அன்றைக்குப் பட்டன்காரி மகனின் முறை. 'நல்லா சாப்பிடுறேன். நல்லா தூங்குறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கும்மா?' அவ்வளவுதான் கடிதம்.

காலர் அக்கா மகன் எழுதினால் அப்படியா? பட்டை பட்டையாகக் கருப்பு மை. 'நேற்று நாங்கள்' என்று தொடங்கும், அப்புறம் இருட்டு. 'எதிரிகள் அலறி' என்று வரும், மறுபடி இருட்டு. ராணுவ ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்து, மை பூசித்தான் அனுப்புவார்கள். எவ்வளவு மையோ அவ்வளவு வீரம் என்பது கூடத்தின் கணக்கு.

"மறைக்க ஏதாவது இருந்தாத்தானே மை பூசுவாங்க? உருளைக்கிழங்கு உரிக்கிறதுல என்னடி ராணுவ ரகசியம்?"

"விடுக்கா. உசுரோட இருந்தா சரி."

"அப்ப என் புள்ள உசுரோட இருக்க வேண்டாமா?" காலர் அக்காவின் குரல் சட்டென்று உடைந்தது. மகனின் பழைய கடிதத்தை எடுத்து அந்தக் கருப்பைத் தடவினாள். "இதுக்கு அடியில என்ன பாடு படுறானோ."

பட்டன்காரி அன்று சாயங்காலமே மகனுக்கு எழுதினாள். 'உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியலடா. ஒரே ஒரு வரி, அவங்க கருப்படிக்கிற மாதிரி எழுதுடா ராசா.'

பதில் வரவில்லை. வாரங்கள் ஓடின. காலர் அக்கா கேலியை நிறுத்திவிட்டாள்.

"வரும்டி. தபால்னா முன்னப்பின்னத்தான் ஆகும்," என்று தன் டீயில் பாதியை இவள் தம்ளரில் ஊற்றினாள்.

அந்தப் பரிவுக்குப் பழைய கேலியே தேவலாம் போலிருந்தது பட்டன்காரிக்கு.

ஒருநாள் டீ நேரத்தில் அவளே ஒரு கடிதத்தை நீட்டினாள். கட்டிங் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'நல்லா சாப்பிடுறேன். நல்லா தூங்குறேன். அம்மா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்...'"

நிறுத்தினார். தாளை உயர்த்திக் காட்டினார். அதற்குக் கீழே கையெழுத்து வரைக்கும் ஒரே கருப்பு.

டீத் தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

காலர் அக்கா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"இப்பத்தான்டி உன் புள்ளயும் துப்பாக்கியைத் தொட்டிருக்கான். பயப்படாதே. என்னைக் கேளு, பாக்கப் பாக்கப் பழகிடும்."

"சரிக்கா," என்றாள் பட்டன்காரி, விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டு.

சீருடைக்கு எண் குத்தும் மை அத்தனை சீக்கிரம் போகாது. அன்று காலை எல்லாருக்கும் முன்னால் கூடத்துக்கு வந்து, அதைத் தொட்டு, அந்த வரிகளின் மேல் பூசியவள் அவள்தான்.

லீவில் வந்த நண்பன் கையில் மகன் கொடுத்தனுப்பிய கடிதம் அது. மைக்கு அடியில் இப்படி இருந்தது:

'இதைத் தபால்ல போட முடியாதும்மா. நான் இருக்கிற இடத்தைப் பத்தி எழுதினா உனக்குத் தூக்கம் போயிடும், அதான் எழுதுறதில்லை. எங்க கடிதத்துக்கெல்லாம் மை பூசுறதே காலர் அக்கா பையன்தான். வெடிச்சத்தம் கேட்காத ஊர்ல மேசை வேலை. அவன் கடிதத்துக்கும் அவனேதான் பூசிக்கிறான்.'