புளி தேய்த்த காசு

காசு வைத்திருந்த தட்டின் மூடியைத் திறந்தாள்.

காசு பளபளவென்று மின்னியது. வெள்ளிக்கிழமைக்குத் தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி.

கிட்டே கொண்டுபோனால் புளி வாசனை வேறு.

அடப்பாவிகளா!

மூன்று வருஷம் அந்தக் காசோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். பழைய துறைமுகக் கிடங்கைத் தோண்டும்போது கிடைத்த செம்புக் காசு. இரண்டு பக்கமும் தேய்ந்து மழமழவென்று கிடந்தது. சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கைச் சாய்த்துவைத்து, வாயால் மெல்ல ஓர் ஊது ஊத வேண்டும். ஆவி படிந்து விலகும் அந்த ஒரு நொடியில் கறுப்புக்குள்ளிருந்து ஒருத்தி எட்டிப்பார்ப்பாள்.

கூந்தலில் ரிப்பன். தோளுக்குக் கீழே ஒன்று, ஏழு, ஒன்பது.

கடைசி எண்ணும் ஏழுதான் என்று முடிவுகட்டவே பதினான்கு மாதம் பிடித்தது.

1797. அமெரிக்கா சொந்தமாகக் காசடிக்கத் தொடங்கிய புதிது. ஒரு சென்ட்.

"அமெரிக்காவாவது அவரைக்காயாவது" என்றார் காப்பாட்சியர் ஞானப்பிரகாசம். அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு அவர்தான் எல்லாம். பதிவேடு எழுதுகிறவள் பேச்சை அவர் எதற்குக் கேட்க வேண்டும்?

படமெடுக்க அனுமதி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்று முறையும் கையெழுத்து விழவில்லை. கேமரா வெளிச்சம் பட்டால் பொருள் கெட்டுப்போகுமாம்.

வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுமாம். புளி போட்டுத் தேய்த்தால் கெடாதாம்!

விடவில்லை அவள். சென்னைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். ஒருவழியாக நாணய நிபுணர் மெஹருன்னிசா வருவதாகப் பதில் வந்தது.

இன்று. பதினோரு மணிக்கு.

"பெரிய மேடம் வர்றாங்க. அழுக்கா இருந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?" ஞானப்பிரகாசத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "நேத்தே கூட்டிப் பெருக்குற செங்கமலத்துக்கிட்ட சொல்லித் தேய்க்க வச்சுட்டேன். புதுசாட்டம் இல்ல?"

ஆத்திரத்தோடு காசை விளக்கடியில் வைத்தாள்.

விளக்கைச் சாய்த்தாள். ஊதினாள்.

ஆவி படிந்தது. விலகியது.

இன்னொரு தரம் ஊதினாள். ஒருத்தியும் வரவில்லை.

எப்படி வருவாள்? முகத்தைக் காட்டிக்கொடுத்ததே அந்தக் கறுப்புதான். மேட்டில் கொஞ்சம் வெளுத்து, பள்ளத்தில் கொஞ்சம் கறுத்து, இருநூறு வருஷம் சேர்த்துவைத்த நிறம். அதை ஒரு எலுமிச்சை அளவு புளியில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றியாயிற்று.

மெஹருன்னிசா வந்தார். காசைக் கையில் எடுத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"யார் இதைத் தேய்ச்சது?"

ஞானப்பிரகாசம் திணறியது ஒரே ஒரு நொடி. கை தானாக வாசல் பக்கம் நீண்டது. அங்கே துடைப்பத்தோடு நின்றிருந்தாள் செங்கமலம்.

"இவதான் மேடம். தட்டைத் துடைன்னு சொன்னா, காசையே தேய்ச்சு வச்சிருக்கா."

என்ன புளுகு! கூசாமல் சொல்கிறாரே மனுஷர்!

"நீங்கதானே சார் தேய்க்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள் பதிவேடு எழுதுகிறவள்.

"நானா? எழுத்துல எங்கயாவது இருக்கா?"

செங்கமலம் துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒப்பந்தக்காரர் அனுப்பிவைத்த ஆள் அவள். காகிதத்தில் அவள்மேல் ஒரு வரி விழுந்தால் நாளைக்கு வேலை கிடையாது. அவள் நகக்கண்ணில் புளிக் கறை இன்னும் போகவில்லை.

மெஹருன்னிசா பேனாவைத் திறந்தார். பதிவேடு எழுதுகிறவள் பக்கம் திரும்பினார்.

"உங்க குறிப்பெல்லாம் படிச்சேன். எடை, அளவு எல்லாம் ஒத்துப்போகுது. உறுதியாச் சொன்னீங்கன்னா அமெரிக்கக் காசுன்னு உங்க பேர்லயே பதிஞ்சிடலாம். ஆனா அப்படிப் பதிஞ்சா, அரிய காசைக் கெடுத்தவங்க மேல நான் புகார் எழுதியாகணும். சொல்லுங்க, உறுதிதானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்தாள்.

ஞானப்பிரகாசம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செங்கமலம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கமலத்தின் நகக்கண்ணில் இருந்த கறையைப் பார்த்தாள்.

"இல்ல மேடம். நான்தான் ஏதோ பிரமையில எழுதிட்டேன். அதுல எதுவுமே இருந்ததில்ல."

பேனா மூடிக்கொண்டது.

ஞானப்பிரகாசத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதைத்தானே மேடம் நான் மூணு வருஷமா சொல்லிட்டிருக்கேன்?"

மெஹருன்னிசா அவளைப் பார்த்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.